படத்தின் தேவை அறிந்து கமரா தெரிவுசெய்தல்

ஒளிப்படத்தின் தரம் நான்கு குணங்களால் அமைகிறது: நுணுக்கம், மங்கிய வெளிச்சத்திலும் புள்ளி தெறிக்காத தெளிவு, வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தாங்கும் திறன், நிறத்தின் உண்மை. இவை எல்லா வேலைக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தில் தொழில் செய்யும் படப்பிடிப்பாளர் ஒருவர் காலையில் கலியாண வீட்டிலும், இரவில் உருத்திரபுரீஸ்வரர் கோயில் திருவிழாவிலும், ஓய்வு நாளில் இரணைமடுக் குளக்கட்டிலும் நிற்கக்கூடும். கமராவின் விலையை விசாரிக்குமுன், படம் எங்கே போய்ச் சேரும், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்படும் என்ற இரண்டையும் அவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அளவு. கைத்தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கப்படும் படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல தரம். அந்தக் கணக்கில் 4×6 அங்குலப் படத்துக்கு ஏறத்தாழ 2 மெகாபிக்சலும், ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 9 மெகாபிக்சலும், 12×18 அங்குல அல்பப் பக்கத்துக்கு ஏறத்தாழ 19 மெகாபிக்சலும் வேண்டும். தெருவோரப் பதாகையைத் தூரத்தில் நின்றே பார்க்கிறார்கள். அதற்கு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும் என்று கொண்டால், 4×6 அடிப் பதாகையும் 18 மெகாபிக்சலில் அடங்கிவிடும். ஆகவே 24 மெகாபிக்சல் கமரா ஊர்த் தேவைகள் அனைத்துக்கும் காணும். அதற்கு மேல் கொடுக்கும் காசு, பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருப்பிப்பவர்களுக்கே பயன்படும்.

அடுத்தது வெளிச்சம். ஒளியை வாங்கும் உணரி பெரிதானால் இருட்டில் படத்தில் தெறிக்கும் புள்ளி குறையும். முழுச்சட்டகக் கமராவின் உணரி 36×24 மி.மீ. ஏ.பி.எஸ்-சி வகையின் பரப்பு அதில் பாதிக்கும் குறைவு. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் அது முழுச்சட்டகத்தின் பத்தில் ஒரு பங்கும் வராது. ஏ.பி.எஸ்-சியிலிருந்து முழுச்சட்டகத்துக்கு மாறினால், உணரி வாங்கும் ஒளி ஏறத்தாழ 2.3 மடங்காகும். ஆனால் கமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸ் 55இல் எஃப் 5.6 வரையே திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). அதைக் கழற்றி எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் 9 மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கும். அந்த லென்ஸின் விலையோ புதிய கமராவின் விலையில் சிறு பகுதிதான். கையிருப்புக் குறைந்தவர் முதலில் லென்ஸையே வாங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கலியாண மண்டபத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் வேகத்தைக் கூட்டி எடுத்தால் மணமகளின் சேலைமேல் குறுக்குக் கோடுகள் விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் கோடுகள் மறையும்.

பறவைப் படத்துக்குக் கணக்கு மாறுகிறது. 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தில் பூநாரைகள் கிட்ட நெருங்க விடுவதில்லை. 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். பறப்பதை உறைய வைக்க 1/1000 விநாடிக்குக் குறையாத வேகமும் வேண்டும். இங்கே ஏ.பி.எஸ்-சி கமராவே இலாபம்: அதில் 400 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டகத்தில் 600 மி.மீ. காட்டும் அளவுக்குக் கிட்டக் காட்டும்.

ஏட்டுச்சுவடி, பழைய பத்திரிகை, உறுதிப் பத்திரம் ஆகியவற்றைப் பிரதியெடுப்பது முற்றிலும் வேறு வேலை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைப் போன்ற ஆவணப் பணிகளுக்கு வேகமோ விலையுயர்ந்த கமராவோ தேவையில்லை. அசையாத தாங்கி, மக்ரோ லென்ஸ், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, இருபுறமும் 45 பாகையில் வைத்த விளக்குகள் இருந்தால் ஓலையில் கீறிய எழுத்து ஓரம் வரை துலங்கும்.

தேர்த் திருவிழாவின் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் தேரின் நிழலும் ஒன்றாக வரும்போது ‘றோ’ கோப்பு கைகொடுக்கும். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே வைத்திருக்கும். 14 பிட் றோ 16,384 படிகளைப் பதியும். வெளிறிய வேட்டியின் மடிப்பையும் இருண்ட சிற்பத்தையும் பின்னர் ஓரளவு மீட்கலாம்.

வன்னியின் காலநிலையும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். சோளகக் காற்றில் புழுதி பறக்கும்போது வெளியில் லென்ஸ் மாற்றினால் தூசி உணரியில் படியும். மாரி மழையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இதற்கான மலிவான காப்பு.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பாவித்த 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி கமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு பிளாஷ் ஆகியன போதும். கலியாணத்தைத் தொழிலாக எடுப்பவர் அடுத்ததாக, இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கமராவுக்கு மாற வேண்டும். ஒரு கார்ட் பழுதானாலும் தாலி கட்டும் படம் மற்றதில் இருக்கும். நீண்ட லென்ஸ், மக்ரோ, முழுச்சட்டகம் ஆகியவற்றை அந்தந்த வேலை கையில் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.