வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கிக் குறியீடு

வெளிநாட்டில் பயிலும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்ப எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலர், கணக்கு எண்ணைப் பலமுறை சரிபார்க்கின்றனர். வங்கிக் குறியீட்டை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பணம் எந்த வங்கியைச் சென்றடைய வேண்டும் என்பதை உணர்த்துவதோ அக்குறியீடே.

பி.ஐ.சி. எனப்படும் இது, ‘ஸ்விஃப்ட் குறியீடு’ என்றே பரவலாக அறியப்படுகிறது. ஸ்விஃப்ட் என்பது 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட, வங்கிகளுக்கிடையேயான செய்திப் பரிமாற்ற அமைப்பாகும். பணம் வழங்குமாறு கூறும் செய்தியை மட்டுமே அது கொண்டுசெல்கிறது. பணமோ, வங்கிகள் ஒன்றிடம் மற்றொன்று வைத்துள்ள கணக்குகளின் வழியே, சில வேளைகளில் இடைநிலை வங்கிகளின் வாயிலாக, கைமாறுகிறது.

குறியீட்டில் 8 அல்லது 11 இடங்கள் இருக்கும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலுள்ள டாய்ச்ச வங்கியின் குறியீடு ‘டி.இ.யு.டி. – டி.இ. – எஃப்.எஃப்.’ என்பதாகும். முதல் 4 எழுத்துகள் வங்கியையும், அடுத்த 2 நாட்டையும், அதற்கடுத்த 2 இடத்தையும் குறிக்கின்றன. மேலும் 3 இடங்கள் இருப்பின் அவை கிளையைச் சுட்டும்.

உள்நாட்டுப் பரிமாற்றத்திற்கான ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டிலும் 11 இடங்கள் இருப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. ஐ.எஃப்.எஸ்.சி.யின் ஐந்தாம் இடம் எப்போதும் சுழியம், பி.ஐ.சி.யில் அவ்விடம் நாட்டுக்குறியின் முதல் எழுத்து. வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவோர் தம் கணக்கு எண்ணுடன் பி.ஐ.சி.யையும் அனுப்புநருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் தனிக் குறியீடு இராது; எதைத் தர வேண்டும் என்பதைக் கிளையில் கேட்டறிக. ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்புவோர் பெறுநரின் ‘ஐபேன்’ எண்ணையும் பெற வேண்டும். ஜெர்மனியில் அது 22 இடங்கள் கொண்டது.

விவரம் பிழையானால் பணம் பல நாள்கள் தேங்கித் திரும்பக்கூடும். இடைநிலை வங்கிகளின் கட்டணம் கழிவதோடு, விற்பனை விகிதத்தில் பெற்ற அந்நியச் செலாவணி, திரும்பும் நாளின் கொள்முதல் விகிதத்தில் ரூபாயாக மாற்றப்படும். நட்டம் அனுப்பியவருக்கே. கல்விக் கட்டணத்தின் இறுதி நாளும் கடந்துவிடலாம்.

ஆகவே, குறியீட்டைப் பெறுநரின் வங்கி அளித்த ஆவணத்திலிருந்தே எடுத்தெழுதுக. ‘எங்கள் கணக்கு மாறிவிட்டது’ என மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பின்னரே அனுப்புக. பணம் வேறொருவர் கணக்கில் வரவாகிவிட்டால், அதனை மீட்பது மிகக் கடினம். விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் ஒவ்வோர் எழுத்தையும் எங்கள் அலுவலருடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.