"டீச்சர் ட்ரெயினிங் போயிருக்காங்க!" அந்தப் பயிற்சியில் உங்கள் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிறீர்கள். உதவியாளர் மட்டும் இருக்கிறார். "டீச்சர் ட்ரெயினிங் போயிருக்காங்க, நாளைக்குத்தான் வருவாங்க" என்கிறார். "மறுபடியுமா? போன மாசம்தானே போனாங்க!" என்று நம்மில் பலருக்கும் வாயில் வந்துவிடும். வேலையில் சேரும்போதே பயிற்சி முடித்துத்தானே வந்திருப்பார், இன்னும் என்ன படிக்க இருக்கிறது?

நியாயமான கேள்விதான். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓர் அளவை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

2 வயது ஆகாத குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து நீளம் பார்க்க வேண்டும். 2 வயது முடிந்த பிறகுதான் நிற்க வைத்து உயரம் பார்ப்பது. ஒரே குழந்தையை இரண்டு விதமாகவும் அளந்தால் சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். நிற்கும்போது அளவு குறைவாகக் காட்டும். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையை நிற்க வைத்து அளந்து அப்படியே பதிவு செய்தால் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று கணக்கு வரலாம். இன்னொன்று, "உயரத்துக்கேற்ற எடை" என்ற கணக்கில் குழந்தை உண்மை நிலையைவிட நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டின் விளிம்பில் இருக்கிற குழந்தை பட்டியலிலேயே வராமல் போய்விடலாம். பட்டியலில் பெயர் வந்தால்தானே மருத்துவப் பரிசோதனையும் கூடுதல் கவனிப்பும் கிடைக்கும்?

என் அக்கா மகளுக்கு ஒன்றரை வயதில் ஒரு மையத்தில் நிற்க வைத்துத்தான் அளந்தார்கள், அதுவும் செருப்போடு. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் அது தப்பு என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரைக்காக ஒரு பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

படித்தது பழசாகிவிடும்

1990-களில் பணியில் சேர்ந்த ஒரு டீச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் கற்றுக்கொண்டது வயதுக்கேற்ற எடையை மட்டும் குறிக்கிற அட்டை. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அட்டைதான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் புதிய வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. 2008-ல் நம் நாட்டு அங்கன்வாடிகளுக்கும் அது வந்தது. ஆண் குழந்தைக்குத் தனி வளைகோடு, பெண் குழந்தைக்குத் தனி. பிறகு எடையோடு உயரமும் சேர்ந்தது. அடுத்து நோட்டுப் புத்தகம் போய் 'போஷன் டிராக்கர்' செயலி வந்தது.

இணை உணவும் அப்படித்தான். 4 மாதத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று சொல்லப்பட்ட காலம் உண்டு. 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது. தண்ணீர்கூட வேண்டாம். பாட்டி ஒன்று சொல்ல, டீச்சர் ஒன்று சொல்ல, நடுவில் தாய் முழிப்பது இதனால்தான். பாட்டியை மாற்ற நம்மால் முடியாது. டீச்சருக்குப் புதுசைச் சொல்லிக்கொடுக்கலாம்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

2018-ல் தொடங்கிய போஷன் அபியான் திட்டத்தில் 21 பாடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு, மையத்தில் செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் சந்தேகம் கேட்கிற முறை இது. மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும், கடைசியாக நம்ம ஊர் டீச்சருக்கும் பாடம் வந்து சேரும். இதில் ஒரு பலவீனமும் உண்டு. கை மாறக் கை மாற விஷயம் நீர்த்துப்போகும். அதனால் பேச்சைவிடச் செய்முறைக்கு அதிக நேரம் கொடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

நான் பார்த்த வகுப்பில் ஒரே குழந்தையை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, எண்ணை ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினார்கள். பிறகு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போகவில்லை! குதிகால் தூக்கியிருந்ததா, கொண்டை இருந்ததா, எடைக் கருவி பூஜ்யத்தில் நின்றதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை எந்த ஸ்லைடும் தந்திருக்காது.

டாக்டர்கள் 5 ஆண்டுகளுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. அங்கன்வாடிப் பணியாளருக்கு அப்படிப் பதிவு எண்ணும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. துறை நடத்துகிற வகுப்புதான் அவருக்குத் தொடர் கல்வி.

2022-ல் நீலகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட நம் மாநில அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் இந்த அளவீட்டை நம்பித்தான் நடக்கிறது. (அதே நீலகிரியில், குன்னூரில், 1918-ல் ஆரம்பித்த சிறு ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.)

நீங்கள் செய்ய வேண்டியது

எடை பார்க்கும் நாளில் குழந்தைக்கு மெல்லிய உடை போதும். செருப்பு, ஹேர்பேண்ட், ஈர டயாப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க நீங்களே உதவலாம். குழந்தை அழும், பரவாயில்லை.

6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கைச் சுற்றளவை நாடாவால் பார்ப்பார்கள். 11.5 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலும் அப்படியே.

அளந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தாய் சேய் நல அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் "இன்னொரு தடவை பார்க்கலாமா டீச்சர்?" என்று கேட்கலாம், தப்பில்லை. உடல்நல ஆலோசனைக்கு 104, சேவையில் குறை இருந்தால் முதல்வரின் உதவி மையம் 1100. டீச்சர் பயிற்சிக்குப் போன நாளிலும் உதவியாளர் இருப்பார், மதிய உணவும் உண்டு. பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.