வீதிக்கு வீதி வேறுபடும் வீட்டு விலை

கண்டி மாநகரிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தொலைவில், தும்பறைப் பிரதேசத்தில் அமைந்துள்ள சிறு பட்டினம் வத்தேகம. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் இருப்புப்பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் ஒரு நிலையமாகவும், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குச் சந்தையூராகவும் வத்தேகம வளர்ந்தது. இன்று கண்டியில் தொழில் புரிவோர் பலர் வீடு தேடி வருகின்ற ஊர்களுள் இதுவும் ஒன்று. அவ்வாறு வருவோரை முதலில் திகைக்கச் செய்வது ஒரு செய்தியாகும். ஒரு வீதியில் கேட்கப்படும் விலைக்கும், பத்து நிமிட நடையில் உள்ள மற்றொரு வீதியில் கேட்கப்படும் விலைக்கும் இடையே மடங்குக் கணக்கில் வேறுபாடு இருக்கிறது. காரணம் வினவினால், “இடம் அப்படி” என்பதே விடையாகக் கிடைக்கும். அந்த ‘இடம்’ என்னும் சொல்லுக்குள் அடங்கியிருப்பவை எவை என்பதைப் பிரித்துப் பார்த்தால், திகைப்பு ஓரளவு நீங்கும்.

இலங்கையில் வீட்டு நிலத்தைப் பேர்ச்சஸ் கணக்கில் அளக்கிறார்கள். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. சமவெளியில் இக்கணக்கு நேரானது, மலைநாட்டில் அப்படியன்று. நில அளவையாளர் வரைபடத்தில் குறிக்கும் பரப்பு, நிலத்தை மேலிருந்து நோக்கினால் தோன்றும் பரப்பேயாகும். செங்குத்தான சரிவும் அதில் பேர்ச்சஸாகவே எண்ணப்படும். ஆனால் சரிவின்மேல் வீடு நிற்காது. மண்ணை வெட்டிச் சமதளமாக்க வேண்டும். வெட்டிய பக்கத்துக்கு அணைச்சுவர் எழுப்ப வேண்டும். மழைநீருக்குக் கான் அமைக்க வேண்டும்.

கணக்கை விளக்குவதற்காக மட்டும் ஓர் உதாரணத்தைக் கற்பித்துக் கொள்வோம். பிரதான வீதியை அடுத்த சமநிலம் 10 பேர்ச்சஸ், பேர்ச்சஸ் ஒன்று 4 இலட்சம் ரூபா. ஆகவே மொத்தம் 40 இலட்சம். மேட்டு ஒழுங்கையில் உள்ள நிலம் 15 பேர்ச்சஸ், ஒன்று 2 இலட்சம். மொத்தம் 30 இலட்சம். இரண்டாவது மலிவு என்றே எவரும் சொல்வர். அணைச்சுவருக்கு 8 இலட்சமும், லொறி ஏறாத ஒழுங்கையில் மணலையும் கல்லையும் தலைச்சுமையாகக் கொண்டுசெல்ல 3 இலட்சமும் செலவாயின், தொகை 41 இலட்சமாகிறது. பயன்படும் நிலமோ 7 பேர்ச்சஸ்தான் எனக் கொண்டால், அதன் உண்மை விலை பேர்ச்சஸ் ஒன்றுக்கு ஆறு இலட்சத்தை நெருங்கிவிடுகிறது. விளம்பரத்தில் உள்ள இரண்டு விலைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுகிறார்.

நகரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல, பொருளை ஏற்றிச் செல்லும் கூலி கூடுவதால் நிலத்தின் வருவாய் குறையும் என்பதை வொன் தியூனன் என்ற ஜேர்மானிய அறிஞர் 1826ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் கற்பனை செய்த நாடு ஒரு சமவெளி; அதில் மலையே கிடையாது. வத்தேகமவில் தூரத்தை மைலால் மட்டும் அளந்து பயனில்லை. படிகளாலும் அளக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து முதியவர் ஒருவர் மூச்சு வாங்காமல் வீட்டை அடைய முடியுமா என்பதும், இரவில் நோயாளியை அழைத்துச் செல்ல முச்சக்கரவண்டி வாசல் வரை வருமா என்பதும் விலையில் அடங்கியவையே. பிரதான வீதியில் வீடு கடையாகவும் மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. பாடசாலைக்கு அண்மையும் அவ்வாறே. முதலாந் தர அனுமதியில் வதிவிட அண்மை கணக்கிலெடுக்கப்படுவதால், சில வீதிகளில் பெற்றோர் வாங்குவது வீட்டையா, பிள்ளைக்குரிய இடத்தையா என்று சொல்வது கடினம்.

விலையைக் குறைக்கும் காரணங்களுள் கண்ணுக்குத் தெரியாதவையே அபாயமானவை. மலிவான நிலம் பல வேளைகளில் பிரிபடாத பங்காக இருக்கும். அதாவது, உடன்பிறந்தார் பலருக்குப் பொதுவான காணியில் ஒருவருடைய பங்கு. சில இடங்களில் ஒழுங்கை அயலவருடைய நிலத்தின் ஊடே செல்லும்; வழியுரிமை உறுதியில் எழுதப்பட்டிராது. நகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெறாமல் வாங்கியவர், வீதி அகலிக்கப்படும் நாளில் முன்முற்றத்தை இழக்க நேரலாம். இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியின்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. அவ்வுறுதியைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவதும் அவசியம். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருப்பின், முந்திப் பதியப்பட்டதே பெரும்பாலும் மேலோங்கும்.

அயல்வீட்டு உறுதியில் எழுதியுள்ள தொகையை அளவுகோலாகக் கொள்வோரும் உளர். முத்திரைத் தீர்வை அத்தொகையைக் கொண்டு கணிக்கப்படுவதால், அதைக் குறைத்து எழுதும் வழக்கம் நாடறிந்தது. ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அந்த நெருக்கடிக்கு முன் ஒரு வீதியில் விற்ற வீட்டையும், பின்னர் அடுத்த வீதியில் விற்ற வீட்டையும் ரூபாக் கணக்கில் ஒப்பிடுவது வெவ்வேறு முழக்கோல்களால் அளப்பதற்கு நிகர்.

இவ்வொப்பீட்டில் இடம்பெறாத வீடுகளும் இவ்வூரைச் சுற்றி உள்ளன. பன்வில வீதியில் ஏறிச் சென்றால் தேயிலைச் சரிவுகளில் லயன் வரிசைகள் தென்படும். அவற்றில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போருக்கு உறுதி இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் பெருந்தோட்ட நிலம் அரசுக்கு உரியதாயிற்று. விற்க இயலாத வீட்டுக்கு விலை இல்லை. விலை இல்லாததை வங்கி ஈடாக ஏற்பதும் இல்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் வழங்கப்படுவது இந்நிலையை மாற்றும் முயற்சியே. ஆயினும் பல குடும்பங்கள் அதற்குக் காத்திராமல், ஓய்வின்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியையும், பட்டினத்தில் வேலை செய்யும் பிள்ளைகளின் சேமிப்பையும் ஒன்றுதிரட்டி வத்தேகமவில் காணி பார்க்கின்றன. நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் நிலத்தில் உழைத்த பரம்பரையின் முதல் உறுதி அது.

அத்தகைய குடும்பத்துக்கு மலிவான ஒழுங்கையே கைக்கெட்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் சரிவுகள் பல இடிந்தன. கண்டி மாவட்டத்தில் உயிரிழப்பு மிகுதி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களை வரைபடத்தில் குறித்துள்ளது. வீடு கட்டுமுன் அதன் கருத்தைப் பெறலாம். முற்பணம் கொடுக்குமுன், அடைமழை பெய்யும் ஒரு நாளில் அக்காணிக்குச் சென்று, மேற்புறத்திலிருந்து நீர் எவ்வழியே இறங்குகிறது என்பதைப் பார்த்துவரலாம். அதற்குச் செலவு பஸ் கட்டணம் மட்டுமே.