வரலாறு காணாத நண்டுக் குழம்பு

போன மாதம் நண்பனின் மாமனார் வீட்டுக்கு ஜெகதாப்பட்டினம் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோட்டைப்பட்டினம் தாண்டியதும் மீன் வாசனையே கையைப் பிடித்து இறக்கிவிடும்.

மதியம் நண்டுக் குழம்பு. முதல் வாய் உள்ளே போனதுமே, "மரண மாஸ்! வேற லெவல்! வாழ்க்கையில இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதே இல்ல மாமா!" என்றேன்.

நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போன மனிதர். நிமிர்ந்து பார்த்தார். "காலையில இட்லிக்கும் இதையேதான் சொன்னீங்க தம்பி. ரெண்டுல எது நல்லாருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. இருந்த வார்த்தைகளையெல்லாம் இட்லிக்கே செலவழித்துவிட்டேன்.

பி.காமில் படித்ததில் உருப்படியாக நினைவிருப்பது பணவீக்கம் ஒன்றுதான். நோட்டை அடித்துத் தள்ளினால் நோட்டுக்கு மதிப்பு போய்விடும். வார்த்தைக்கும் அதே கதி. முன்பு 'நல்லாருக்கு' என்றால் நல்லாருக்கு என்று அர்த்தம். இன்று மனைவியின் சாம்பாரைப் பார்த்து அப்படிச் சொல்லுங்கள்; அன்று ராத்திரி ஹோட்டல்தான். எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் தலைவலிக்கு லீவு கேட்டு 'செத்துட்டேன் சார்' என்று போட்டார். 'சூப்பர்' என்று பதில் வந்தது. இருவருமே ஆச்சரியப்படவில்லை.

நம் புலவர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். உயர்வு நவிற்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தண்டியலங்காரத்தில் அதற்கு அதிசய அணி என்று பெயர். ஆனால் அணி என்றால் நகை. அவர்கள் கல்யாணத்துக்குப் போட்டார்கள். நாம் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்குப் போகிறோம்.

சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தபோது என் செல்லில் ஒரு வீடியோ வந்தது. 'தமிழகத்தைப் புரட்டிப் போட வரும் ராட்சசப் புயல்! வரலாறு காணாத பேரழிவு!' வரலாறு பாவம், தினம் ஏதாவது ஒன்றைக் காணாமல் விட்டுக்கொண்டே இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"கூண்டு ஏத்திருக்கானா?"

ஏற்றவில்லை. "அப்புறம் என்ன?" என்று பீடியைப் பற்ற வைத்தார்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி ரேடியோவில் கேட்டிருக்கிறேனே தவிர, அதன் கணக்கை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வடக்கே நாகப்பட்டினம், தெற்கே பாம்பன் துறைமுகங்களில் ஏற்றுவார்கள். மொத்தம் 11 எண்கள். 1 என்றால் எங்கோ தூரத்தில் உருவாகியிருக்கிறது. 10 என்றால் பெரும் அபாயம், புயல் தலைக்கு மேலேயே வருகிறது. மழையும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேலே போனால்தான் அதி கனமழை. 'அதி' போட வேண்டுமானால் பாத்திரத்தில் தண்ணீரைக் காட்ட வேண்டும்!

"கஜாவுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

2018 நவம்பர் 16, விடியும் முன் வேதாரண்யம் பக்கம் கரையேறியது கஜா. பெயர் வைத்தது இலங்கை, அர்த்தம் யானை. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. இந்த 'லட்சக்கணக்கில்' என் வழக்கமான லட்சம் இல்லை. எண்ணிப் பார்த்த லட்சம்.

"அதுக்கு முன்னாடி எந்தக் காத்தழுத்தம் வந்தாலும் போன்ல பேய்ப்புயல், பேய்ப்புயல்னு வரும். ஒண்ணும் நடக்காது. கஜாவுக்கும் அதே மாதிரிதான் வந்துச்சு. என் சித்தப்பா மகன் சிரிச்சிட்டுப் படுத்துட்டான். வள்ளத்த மேல ஏத்தல. ரேடியோவுல சரியாத்தான் சொன்னாங்க. அவன் அதையும் இதையும் ஒண்ணா நெனச்சுட்டான்." பீடி அணைந்திருந்தது. "வலையும் சேந்து போச்சு. கடன் அடைக்க மூணு வருசமாச்சு."

அதே ராத்திரி நான் சென்னையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து, கஜாவைக் கிண்டலடித்த ஒரு மீம்ஸை பதினெட்டு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை மாமாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகன் கடலிலிருந்து திரும்பினான்.

"பாடு எப்புடிடா?"

"பரவால்லப்பா."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பரவால்லையாம்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். மகன் தூக்கி வந்த கூடையை இறக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

மதியம் மறுபடியும் நண்டு. நேற்றைவிட ஒரு படி மேல். நான் திருந்திவிட்ட மனிதன் அல்லவா? நிதானமாகச் சாப்பிட்டு, நிதானமாகவே சொன்னேன்: "நல்லாருக்கு அத்தை."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் தம்பி, உப்பு கம்மியா?"