ஈகிரிப்ட்எஃப்எஸ் உரிமைச் சரிபார்ப்பு வழு
ஈகிரிப்ட்எஃப்எஸ் என்பது லினக்சு கருனியில் 2006 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கோப்பு மறையாக்க முறைமையாகும். இதிலிருந்த ஒரு பாதுகாப்பு வழுவை வசிலி குலிக்கோவ், டான் ரோசன்பெர்க் ஆகியோர் கண்டறிந்தனர். அது 2011 ஆம் ஆண்டு திருத்தப்பட்டது.

மறையாக்கப்பட்ட அடைவைத் திறந்து கோப்பு முறைமையுடன் இணைக்கும் துணைநிரல், கணினி நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்துடன் இயங்குகிறது. எனவே அவ்வடைவு கேட்கும் பயனருக்கே உரியதா என்பதை அது முதலில் சரிபார்க்கும், பின்னர் இணைக்கும். இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில், அதே கணினியில் கணக்குள்ள ஒருவர் தம் அடைவுக்குப் பதிலாக வேறோர் அடைவைச் சுட்டிவிட இயன்றது. இதனால் தமக்கு அனுமதியில்லாத கோப்புகளை அவர் அணுக வாய்ப்பிருந்தது.

லினக்சு 3.1 பதிப்பில், இணைக்கும் தருணத்திலேயே கருனி உரிமையாளரைச் சரிபார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது. துணைநிரலும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. மறையாக்க வழிமுறையில் குறை இல்லாதபோதும், உரிமையைச் சரிபார்க்கும் நேரம் தவறினால் பாதுகாப்பு குலையும் என்பதற்கு இவ்வழு ஓர் எடுத்துக்காட்டாகும்.