எல்லா முக்கோணங்களுக்கும் ஒரு வரைபடம்

முக்கோணங்கள் எத்தனை வகை என்று கேட்டால், பக்கங்களை வைத்து மூன்று, கோணங்களை வைத்து மூன்று என எட்டாம் வகுப்பில் உடனே விடை வரும். சரியான விடைதான். ஆனால் வடிவொத்த முக்கோணங்களை ஒன்றாகவே எண்ணினால் மொத்தம் எத்தனை வடிவங்கள், அவை அனைத்தையும் ஒரே தாளில் காட்ட முடியுமா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். திருச்சுழிப் பகுதியில் நான் கணிதம் கற்பிக்கும் பள்ளியில், வடிவொத்தமை பாடம் முடிந்த மறுநாள் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம்.

எங்கள் பிள்ளைகளுக்கு வரைபடம் புதிதல்ல. கண்மாய்க்கு மேற்கே உள்ள புன்செய் எந்தச் சர்வே எண், யாருடைய பட்டா என்பது வீட்டில் அடிக்கடி அடிபடும் பேச்சு. நிலத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது ஓர் இடம். நாங்கள் வரையப்போகும் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு முக்கோணம். இந்த ஒரு மாற்றத்தைப் புரியவைக்க மட்டும் சற்று நேரம் ஒதுக்குங்கள். மற்றவை தானாக வரும்.

ஒவ்வொருவரும் விரும்பியபடி ஒரு முக்கோணம் வரைந்து கோணங்களை அளக்கட்டும். மிகச் சிறிய கோணத்தைக் கிடைமட்ட அச்சிலும் நடுக்கோணத்தைச் செங்குத்து அச்சிலும் கொண்டு வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். மொத்தம் 180° என்பதால் மூன்றாவது கோணத்தைக் குறிக்கத் தேவையில்லை. 30°, 60°, 90° முக்கோணம் (30, 60) என்ற புள்ளியாகிவிடும். நாற்பது பேரின் புள்ளிகளையும் ஒரே தாளில் சேர்த்தால், அவை தாள் முழுவதும் பரவாமல் ஒரு பகுதிக்குள்ளேயே நிற்கும். ஏன் என்று அவர்களே தேடட்டும். நடுக்கோணம் சிறிய கோணத்தைவிடக் குறையாது, பெரிய கோணத்தைவிடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் (0, 0), (0, 90), (60, 60) ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட ஒரு முக்கோணத்தை வெட்டித் தருகின்றன. எல்லா முக்கோணங்களின் வரைபடமும் ஒரு முக்கோணமே!

இனி அதைப் படித்துப் பார்க்கலாம். (60, 60) முனையில் சமபக்க முக்கோணம் தனியே நிற்கிறது. அங்கே சந்திக்கும் இரு ஓரங்களிலும் இருசமபக்க முக்கோணங்கள். (0, 90)-இலிருந்து (45, 45) வரை செல்லும் கோட்டில் எல்லாச் செங்கோண முக்கோணங்களும். அந்தக் கோட்டுக்குக் கீழே விரிகோணம், மேலே குறுங்கோணம். பரப்பைக் கணக்கிட்டால் மொத்தம் 2700, குறுங்கோணப் பகுதி 675. அதாவது கால் பங்குதான். கரும்பலகையில் நாம் கைப்பழக்கமாக வரையும் முக்கோணமோ பெரும்பாலும் அந்தக் கால் பங்குக்குள் இருப்பதுதான். (வரைபட முக்கோணத்தின் கோணங்களையே அளந்து, அதற்கான புள்ளி அதற்குள்ளேயே எங்கே விழுகிறது என்றும் கேட்கலாம்.)

இடது ஓரம்தான் சிக்கலான இடம். அங்கே சிறிய கோணம் 0°. முக்கோணம் தட்டையாகிக் கோடாகிவிடுகிறது. அந்த ஓரத்தை விட்டுவிடுவதா, அதற்கும் ஒரு பொருள் கொடுத்துச் சேர்த்துக்கொள்வதா? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

இப்படி ஒருவகைப் பொருள்கள் அனைத்தையும் புள்ளிகளாக்கிய வரைபடத்துக்கு இயற்கணித வடிவியலில் மாடுலி வெளி என்று பெயர். சொல்லைத் தந்தவர் ரீமான், 1857-இல். துளையுள்ள வளைபரப்புகளின் வடிவத்தைக் குறிக்க எத்தனை எண்கள் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். இரண்டு அல்லது அதற்கு மேல் துளைகள் இருந்தால், துளைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி மூன்றைக் கழித்தால் வரும் அளவுக்குக் கலப்பெண்கள் வேண்டும். 2014-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மரியம் மிர்சாகானி ஆராய்ந்ததும் இத்தகைய வெளிகளைத்தான்.

இத்துறையின் பெரிய தேற்றங்களுள் ஒன்று நம் மாநிலத்தில் பிறந்த இருவருடையது. காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் தண்டரை கிராமத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் 1932-இல் பிறந்தவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் சார்லஸ் ராசின் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் புதிய கணிதத்தை அறிந்து, 1953-இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது வெக்டர் கற்றைகளை. ஒரு துணி நாடாவின் இரு முனைகளையும் அப்படியே ஒட்டினால் ஒரு வளையம். ஒருமுறை முறுக்கி ஒட்டினால் மொபியஸ் நாடா. (நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நாடாவைத் தாங்களே கொண்டுவந்துவிடுவார்கள்.) வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோடு நிற்கிறது, அவை சேர்ந்து முறுக்கியோ முறுக்காமலோ இருக்கின்றன. வட்டத்துக்குப் பதில் துளைகளுள்ள வளைபரப்பையும், கோட்டுக்குப் பதில் வெக்டர் வெளியையும் வைத்தால் எண்ணற்ற கற்றைகள் கிடைக்கும். அனைத்தையும் ஒரே வரைபடத்தில் அடைத்தால் அது கெட்டுவிடும். ஒரே வரிசையில் செல்லும் புள்ளிகள் இரண்டு வேறு இடங்களில் போய் முடியும். ஆகவே நிலையான கற்றைகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1962-இல் மம்ஃபோர்டு வரையறுத்தார்.

ஒரு துளையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால், உடன் கொண்டுசென்ற வெக்டர் எவ்வளவு சுழன்றிருக்கும்? மொத்த முறுக்கு சுழியான கற்றைகளில், நிலையானவை இத்தகைய சுழற்சிகளிலிருந்து, அதுவும் சிறு கூறுகளாகப் பிரிக்க முடியாத சுழற்சிகளிலிருந்து, பிறப்பவையே என்று 1965-இல் இருவரும் நிறுவினார்கள். இயற்கணிதத்தில் எழுந்த நிபந்தனையும் சுற்றிவந்து பார்க்கும் சோதனையும் ஒன்றே என்று ஆனது. ஓரத்தை என்ன செய்வது என்ற கேள்வி இங்கும் வந்தது. 1967-இல் சேஷாத்ரி, அரைகுறையாக நிலையான கற்றைகளைத் தக்கபடி குழுக்களாக்கி ஓரத்தில் சேர்த்து வரைபடத்தை முழுமையாக்கினார். எட்டாம் வகுப்பின் இரண்டாவது கட்சி கேட்டதும் இதைத்தான். 1983-இல் டொனால்ட்சன் இயற்பியலிலிருந்து வந்த கருத்துகளைக் கொண்டு இத்தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் தந்தார்.

எங்கள் பகுதியில் பத்தாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. தொடர்ந்து படிப்பவர்களிலும் கணிதப் பிரிவை எடுக்கத் தயங்குபவர்கள் அதிகம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சாகிவிட்ட பாடத்தில் இன்னும் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. 1989-இல் சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நுழைவுத் தேர்வு எழுதி அங்கே இளநிலைப் படிப்பில் சேரலாம். அந்தப் பெயரை எட்டாம் வகுப்பிலேயே காதில் போட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து.

கடந்த முறை ஒரு மாணவி, நாற்கரங்களுக்கும் இப்படி வரைய முடியுமா என்று கேட்டாள். நாற்கரம் வரைய ஐந்து அளவுகள் வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். வடிவொத்தவற்றை ஒன்றாக்கினால் நான்கு. தாளில் இருப்பதோ இரண்டு அச்சுகள். ஆனால் செவ்வகத்துக்கு ஓர் எண் போதும், இணைகரத்துக்கு இரண்டு. இணைகரங்களின் வரைபடத்தை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.