மழைக்காலத்தில் ஓய்ந்த படகும் ஐரோப்பாவின் குளிர்கால ஊழியமும்



பழவேற்காட்டில் ஏரிக்கு அக்கரையிலுள்ள பசியாவரத்துக்கு நமது ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவ முகாமுக்காகச் சென்று வருவதை இம்மடலில் பலமுறை எழுதியிருக்கிறோம். சென்ற ஐப்பசியில் நாங்கள் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. மருந்துப் பெட்டிகள் நனையாதபடி ஒரு வீட்டுத் திண்ணையில் ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மா தேநீர் கொடுத்தார்கள். டம்ளர்களைத் திரும்ப வாங்கும்போது பேச்சை மெதுவாக ஆரம்பித்தார்கள்.

"ஐயா, ஒரு சேதி கேக்கணும். எம் பையன் மூணு மாசம் ஐரோப்பாவுக்குத் தொண்டு செய்யப் போறேன்னு நிக்கிறான். இப்ப கடலுக்கும் போக முடியல, சும்மாதானே கெடக்கேன்னு சொல்றான். ஏதோ சபை வேலையாம். ரெண்டு லட்சம் கட்டணுமாம். எஞ்சினை அடகு வைக்கட்டுமான்னு கேக்குறான்."

சற்று நேரத்தில் மகனும் வந்தான். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு கடிதத்தைக் காட்டினான். 'குளிர்காலத் தன்னார்வத் தொண்டர்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. எந்தச் சபை, எந்த ஊர், யார் தங்க இடம் கொடுப்பார்கள் என்று ஒன்றும் இல்லை. கீழே ஒரு கைபேசி எண் மட்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கினால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னாராம். முன்பணமாக இருபதாயிரம் ஏற்கெனவே போய்விட்டது.

போகாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அதோடு, இதே கேள்வியை உங்களில் சிலரும் உங்கள் சபை வாலிபருக்காகக் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

கடலோரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த 'சும்மா கெடக்கும்' காலம் எளிதில் விளங்காது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு என்பது செய்தித்தாளில் வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சிறிய ஃபைபர் படகுகள் நாள் கணக்கில் கரையிலேயே கிடப்பது அவ்வளவாகச் செய்தியில் வராது. புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குள் இறங்கக்கூடாது. ஏரியிலாவது வலை போடலாமே என்றால், அங்கும் நினைத்தவர் நினைத்த இடத்தில் போட முடியாது. எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதைப் 'பாடு' என்னும் பழைய முறைப்படி கிராமங்கள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. பாட்டில் உரிமை இல்லாதவர் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள்தான் ஐரோப்பாவில் குளிர் இறங்கும் மாதங்கள். இரண்டையும் இணைத்துப் பார்க்க அந்தத் தரகருக்குத் தெரிந்திருக்கிறது!

ஐரோப்பாவிலும் ஓய்ந்த காலம் ஒன்று உண்டு. கோடையில் பண்ணைகளுக்கும் வாலிபர் முகாம்களுக்கும் தியான இல்லங்களுக்கும் தொண்டர்கள் ஏராளமாக வேண்டும். திராட்சை அறுவடை முடிந்து இலையுதிர்காலம் கழிந்ததும் பல இடங்களில் கதவை அடைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஆள் தேவைப்படுவது நகரங்களில்தான். வீடற்றவர்கள் தெருவில் விறைத்துச் சாகாதபடி பார்த்துக்கொள்வது அங்கே திருச்சபைகளின் முக்கியமான குளிர்காலப் பணி. பெர்லின் நகரில் 'ஸ்டாட்மிஷன்' என்னும் நகர மிஷன் 1994 முதல் இரவு நேரத்தில் ஒரு வண்டியை ஓட்டி வருகிறது. அதற்குப் பெயரே 'குளிர் பஸ்'. தெருவில் கிடப்பவரைக் கண்டால் சூடான தேநீர் கொடுத்து, இரவுத் தங்குமிடத்துக்கு அழைத்துப் போகிறார்கள்.

தென் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து லேயோன்ஹார்ட் ஆலயத்தில் 1995இல் தொடங்கிய 'வெஸ்பர்கிர்ஹே' எங்கள் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. பெயருக்குச் சிற்றுண்டி ஆலயம் என்று பொருள் சொல்லலாம். ஜனவரி முதல் மார்ச் வரை ஏறத்தாழ ஏழு வாரம் ஆலயத்துக்குள்ளேயே மேஜை போட்டு, யார் வந்தாலும் மிகச் சொற்ப விலைக்குச் சுடச்சுடச் சாப்பாடு போடுகிறார்கள். மருத்துவர் வருகிறார், முடி திருத்துகிறவர் வருகிறார். பக்கத்து மேஜையில் வசதியுள்ளவரும் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுகிறார். பின்பு இந்தப் பழக்கம் சுற்றுவட்டாரத்து வேறு ஊர்களுக்கும் பரவியது. ஆலயத்துக்குள் சாப்பாட்டுப் பந்தியா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பசியாவரத்தில் மழைக்கு ஒதுங்கி ஜெபக்கூடத்திலேயே முகாம் நடத்திய எங்களுக்கு அது விநோதமாகப் படவில்லை.

ஆகையால் குளிர்காலத்தில் தொண்டர்கள் தேவை என்று தரகர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தத் தொண்டர்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள், சபையின் பெண்கள் என்று முறைபோட்டு வந்து பரிமாறுகிறார்கள். தெருவில் கிடப்பவரோடு அவருடைய மொழியில் நாலு வார்த்தை பேசுவதுதான் அங்கே பாதி ஊழியம். மொழி தெரியாத ஒருவர் கடல் கடந்து மூன்று மாதத்துக்கு வந்து நின்றால், அவரைக் கவனிப்பதே அவர்களுக்கு இன்னொரு வேலையாகிவிடும். இதை அவனிடம் சொன்னபோது முகம் வாடியது. எங்களுக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

உண்மையான வழி வேறு. அது நீண்ட வழி. ஜெர்மனியில் 'தன்னார்வ சமூக ஆண்டு' என்று ஒரு திட்டத்துக்கு 1964இலேயே சட்டம் இயற்றினார்கள். கட்டாய ராணுவச் சேவை 2011இல் நிறுத்தப்பட்டபோது, அதற்கு மாற்றுப் பணியாக ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்துவந்த வாலிபர் கூட்டமும் நின்றுபோயிற்று. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டில் 'கூட்டாட்சித் தன்னார்வச் சேவை' என்ற இன்னொரு திட்டம் வந்தது. வெளிநாட்டாரும் இவற்றில் சேரலாம். ஜெர்மன் வாலிபரை நம்மைப்போன்ற நாடுகளுக்கு அனுப்ப 2008இல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில், 2013 முதல் நம் பக்கத்து வாலிபரும் அங்கே போய்ப் பணிசெய்ய வழி திறந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வாலிபர் லைப்சிக் மிஷன் வழியாகவும், தென்னிந்தியத் திருச்சபையின் வாலிபர் ஸ்டுட்கார்ட்டிலுள்ள இ.எம்.எஸ். மிஷன் ஐக்கியத்தின் வழியாகவும் போகலாம். தங்குமிடம், உணவு, காப்பீடு, சிறு கைச்செலவுப் பணம் எல்லாம் அழைக்கிறவர்களின் பொறுப்பு. தரகர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் ஏமாற்று நடப்பது இதில்தான். ஷெங்கன் நாடுகளில் குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஓராண்டுப் பணிக்குப் போகிறவர், பணி ஒப்பந்தத்தைக் காட்டி நீண்டகால விசா வாங்கியே புறப்பட வேண்டும். பிரிட்டனில் பார்வையாளராகப் போகிறவர், பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் 30 நாள் வரை தொண்டு செய்ய அனுமதி உண்டு. அதற்கு மேல் என்றால், உரிமம் பெற்ற அறக்கட்டளை பொறுப்பேற்று, 12 மாதம் வரையிலான அறப்பணியாளர் விசா எடுக்க வேண்டும். 'சுற்றுலா விசாவில் போ, பிறகு பார்க்கலாம்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொண்டல்ல, சம்பள வேலைதான் வேண்டும் என்றால் அது வேறு பாதை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் முகவரானால் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மாத்திரமே. இரண்டு லட்சம் அல்ல.

நமது ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்த ஒரு சகோதரி திருச்சபை வழியாக ஓராண்டு ஜெர்மனிக்குப் போய் வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. அவள் சொன்னதை அந்தப் பையனுக்கு நாங்கள் அப்படியே சொன்னோம். டிசம்பரில் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவதற்குள் வெளியே இருட்டிவிடுமாம். முதல் பனியைப் பார்த்து ஒரு நாள் குதித்தாளாம். மறுநாள் அதே பனியில் வழுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலில் இருபது நரைத்த தலைகள். ஜனவரி முழுவதும் இரவில் அழுதிருக்கிறாள். ஆனாலும் ஞாபகசக்தி போன ஒரு பாட்டியம்மா, வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்காமல், இவள் கையால் மாத்திரம் சாப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது இப்போதும் அவள் குரல் மாறுகிறது. கைச்செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினாயா என்று கேட்டோம். சிரித்துவிட்டாள். குளிருக்கு ஒரு நல்ல பூட்ஸ் வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்றாம்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. தொண்டு சம்பாத்தியம் ஆகாது. அப்பாவுக்கு முடியாமல் போய், படகையும் வீட்டையும் தானே சுமக்கிற ஒரு பையனுக்கு அது ஏற்ற காலம் அல்ல. பாரம் குறைந்த தம்பி தங்கைகளுக்கு ஏற்றதாக இருக்கலாம்.

பழவேற்காட்டுக்காரருக்கு ஐரோப்பா புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டையில் 1630களில் குருவாக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், உள்ளூர்ப் பிராமணர் ஒருவரிடம் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி எழுதிய புத்தகம், அவர் இறந்தபின் 1651இல் ஹாலந்தில் அச்சாயிற்று. கோட்டைக் குருவும் சாப்ளின்தான் என்பதால் அவர்மேல் எங்களுக்கு ஒரு தனிப் பிரியம். ஆனால் அதே நூற்றாண்டில் இதே கரையிலிருந்து, பஞ்சத்தால் விற்கப்பட்ட ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டாவியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தன் விருப்பத்தோடு போனவர்களும் உண்டு. சீகன்பால்க் ஐயரோடு 1714இல் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய மலையப்பன் என்னும் தமிழ் வாலிபர் ஒரு குளிர்காலத்தை ஐரோப்பாவில் கழித்தார். ஐயரின் தமிழ் இலக்கண நூல் ஹாலே நகரில் 1716இல் அச்சேறியது அந்தப் பயணத்தின்போதுதான். என்ன கம்பளி உடுத்தினாரோ, யார் கொடுத்தார்களோ!

கடல் ஓய்ந்த மாதத்தில் தொண்டுக்குப் போவதும் மீனவருக்குப் புதிதல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது கடலோரத்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெருத்தெருவாக ஜனங்களை மீட்டார்கள். அதற்கு விசாவும் இல்லை, தரகரும் இல்லை.

எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒரு பங்காளர், காணிக்கை நிதியிலிருந்தே இப்படிப்பட்ட வாலிபருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கலாமே என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணந்தான். ஆனாலும் வேண்டாம் என்று பதில் எழுதினோம். முறையான திட்டங்களில் பயணச் செலவுக்கு அங்கேயே ஏற்பாடு உண்டு. ஒரு விமானச் சீட்டின் பணம் நமக்குப் பல முகாம்களின் மருந்துச் செலவு. அதைவிட, ஜெர்மன் மொழியின் ஆரம்ப வகுப்புக்கு ஒருவருக்கு உதவினால் பிரயோஜனம் அதிகம். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் நடக்கின்றன. மொழி கையில் இல்லாமல் நேர்முகத்துக்குப் போய் இரண்டு பேர் திரும்பி வந்ததை நாங்களே பார்த்தோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லி, மாரிக்காலத்துக்கு முன்னே வந்துவிடும்படியும் கேட்கிறார். அவ்வளவு பெரிய ஊழியக்காரருக்கும் குளிர் குளிர்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கும் பங்காளர்களும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்துபோகிற குடும்பங்களும், பயன்படுத்தாத கம்பளிச் சட்டை, கையுறை, தடித்த காலுறை இருந்தால் துவைத்து அனுப்புங்கள். எங்கள் அலுவலறையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். போய்வந்த சகோதரி தன் பூட்ஸையும் அதில் போட்டிருக்கிறாள். சைஸ் ஐந்து. அடுத்த ஆண்டு போக மனு கொடுத்திருக்கும் பெண்ணுக்குச் சைஸ் ஏழு என்பதுதான் கஷ்டம்.

பசியாவரத்துப் பையனின் இருபதாயிரம் திரும்பவில்லை. அந்தக் கைபேசி எண் இப்போது வேலை செய்வதில்லை. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கச் சொல்லி நாங்களும் கூடப் போனோம். எஞ்சின் அடகுக்குப் போகவில்லை. மார்கழி முகாமுக்குப் போனபோது அவன் கடலுக்குப் போயிருந்தான். திண்ணையில் இந்த முறை அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்து நர்சிங் உதவியாளர் படிப்புப் படிக்கிறாள். "ஐயா, அந்த ஜெர்மன் வகுப்பு எத்தனை மாசம்?" என்று கேட்டாள்.